வீட்டில் செய்த காற்று, நீர் சென்சார்கள்: இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்?

கார்முகில் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இளைப்பு உண்டு. விடியற்காலையில்தான் அதிகம் இருமுகிறாள். காற்றில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என பி.எம்.எஸ். 5003 தூசி சென்சார், ஈரப்பதத்துக்கு பி.எம்.இ. 280, எண்களை வை-ஃபையில் அனுப்ப ஒரு ஈ.எஸ்.பி. 8266 போர்டு மூன்றையும் நானே சேர்த்து ஜன்னலுக்கு வெளியே மாட்டினேன். அது ஓடத் தொடங்கியதும் கிணற்றுக்கும் ஒன்று செய்தேன்: டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) பார்க்கும் புரோப், பி.எச். (அமில, காரத்தன்மை) பார்க்கும் புரோப், டி.எஸ். 18பி20 வெப்ப சென்சார். இரண்டும் ஆறு வாரமாக ஓடுகின்றன. எண்கள் குவிகின்றன, குழப்பமும் கூடவே குவிகிறது.

தினமும் காலை 4 மணிக்கு பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்தூசி, கன மீட்டருக்கு மைக்ரோகிராமில்) ஏறத் தொடங்கி 6 மணிக்கு 140 வரை போகிறது, 8 மணிக்கு இறங்கிவிடுகிறது. இது உண்மையான தூசியா, பனியா? பெட்டிக்குள் எம்.கியூ. 135 வாயு சென்சார் ஒன்றும் வைத்திருக்கிறேன், அது ஜன்னலுக்கு வெளியிலேயே கார்பன் டை ஆக்சைடு 1200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1200 பங்கு) என்கிறது. கிணற்றில் பி.எச். 7.1 காட்டுகிறது, டி.டி.எஸ். புரோபையும் அதே தண்ணீரில் விட்டால் 5.9க்கு விழுந்துவிடுகிறது.

கடைசியாக ஒன்று. டி.டி.எஸ். 210தான். "இவ்வளவு நல்ல தண்ணீரை எதற்கு இன்னும் காய்ச்சுகிறோம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

பழைய மீட்டர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் காத்திருக்கும். காய்ச்சுவதை நிறுத்தாதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டு மழைநீர்த் தொட்டியில் டி.டி.எஸ். 35. அந்த எண்ணை நம்பி அப்படியே குடித்தோம். ஒரே வாரத்தில் மூன்று பேருக்கும் வயிற்றுப்போக்கு. தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், மூலையில் ஒரு அணில் செத்து ஊறிக் கிடந்தது, வாலில் மட்டும் மயிர் இருந்தது. அதே தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்தேன். 36. அந்த அணிலுக்கு என் மீட்டர் கொடுத்த மதிப்பு ஒன்றே ஒன்று.

டி.டி.எஸ். மீட்டர் கரைந்த பொருள் எதையும் எடை போடுவதில்லை. இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்க்கிறது, அந்த மின்கடத்துத்திறனை 0.5 அல்லது 0.7 போன்ற ஒரு எண்ணால் பெருக்குகிறது, அவ்வளவுதான். உப்பு கரைந்தால் மின்சாரம் பாயும், மீட்டர் பார்க்கும். பாக்டீரியா, வைரஸ், பூச்சிமருந்து எதுவும் அதன் கண்ணில் படாது.

நீரோட்டம்

மீட்டர் அண்ணன் சொன்னதோடு இன்னொன்றும் சேர்க்கிறேன். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மீட்டரோடு வந்து, "200தான் காட்டுகிறது, எதற்குச் சோதனை?" என்று கேட்பவர்கள் நிறைய.

ஆர்செனிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உங்கள் மீட்டரின் கடைசி இலக்கமே 1 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே கவலைப்பட வேண்டிய பொருள் இது. ஃபுளோரைடுக்கு 1.5, நைட்ரேட்டுக்கு 50. இவை கொஞ்சம் பெரிய எண்கள் என்றாலும் 210க்குள் எது எவ்வளவு என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது. அப்புறம், காய்ச்சினால் கிருமிதான் சாகும். ஆர்செனிக்கும் நைட்ரேட்டும் போகாது, தண்ணீர் ஆவியாகப் போகப் போக அவற்றின் அடர்த்தி கொஞ்சம் கூடவே செய்யும்.

அதனால் ஒருமுறையாவது முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதன்பிறகு உங்கள் சென்சாருக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. நாங்கள் பார்ப்பது ஒரு பாட்டில், ஒரு நாள். உங்கள் புரோப் இரவும் பகலும் கிணற்றிலேயே இருக்கிறது. தண்ணீர் *மாறிய* நேரத்தை அதனால் சொல்ல முடியும், எங்களால் முடியாது. 210 என்ற எண்ணை விடுங்கள். அந்த 210 எப்போது, எதற்குப் பிறகு அசைகிறது என்று பாருங்கள். மழை பெய்த அன்றைய கிராஃப் இருந்தால் இங்கே போடுங்கள்.

வெப்பத் திருத்தம் போட்டிருக்கிறீர்களா? தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் மின்கடத்துத்திறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். 8 டிகிரி வித்தியாசம் என்றால் 210 என்பது 240ஐத் தாண்டிவிடும், தண்ணீரில் ஒன்றுமே மாறியிருக்காது.

அலைவரிசை

பி.எச். விழுவதற்குக் காரணம் தண்ணீர் இல்லை, கிரவுண்ட் (மின்சுற்றின் பொதுத் தரை இணைப்பு). இரண்டு புரோபும் ஒரே போர்டில், ஒரே கிரவுண்டில் இருக்கின்றன, ஒரே தண்ணீரிலும் நிற்கின்றன. டி.டி.எஸ். புரோப் தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்துகிறது. பி.எச். கண்ணாடி முனை கொடுப்பதோ மில்லிவோல்ட் கணக்கில் மிகப் பலவீனமான சிக்னல். பக்கத்தில் பாயும் மின்சாரம் அதை நகர்த்திவிடுகிறது. டி.டி.எஸ். புரோபைத் தண்ணீரிலிருந்து தூக்குங்கள், பி.எச். உடனே பழைய இடத்துக்கு வந்தால் இதுதான் காரணம்.

சரியான தீர்வு, பி.எச். பலகைக்குத் தனிமைப்படுத்திய மின்சாரமும் தனிமைப்படுத்திய சிக்னல் வழியும் கொடுப்பது. ஒன்றை அணைத்து மற்றதை எரியவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் பவர் ஒயரை மட்டும் வெட்டினால் சிக்னல் ஒயர் வழியாகவும் கிரவுண்ட் வழியாகவும் பாதை இன்னும் இருக்கும். நான் அதில் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன்.

பழைய மீட்டர்

பி.எச். புரோபைக் கிணற்றிலேயே நிரந்தரமாக விட வேண்டுமா என்றும் யோசியுங்கள். இரண்டு வாரத்தில் கண்ணாடிக் குமிழில் வழவழவென்று ஒரு படலம் கட்டும். விரலால் தொட்டால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அதன்பிறகு எண் மெதுவாக நகரும், நீங்கள் கிணறு மாறுகிறது என்று நினைப்பீர்கள்.

வாரம் ஒருமுறை தண்ணீரை மொண்டு வந்து அளப்பதே போதும். அளக்கும் முன் 7.00, 4.01 பஃபர் (பி.எச். முன்பே தெரிந்த கரைசல்) இரண்டிலும் விட்டுப் பாருங்கள். 25 டிகிரியில் ஒரு பி.எச். அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பது இயற்பியல் கணக்கு. அப்படியானால் இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் 177 மில்லிவோல்ட் வர வேண்டும். 150க்குக் கீழே போய்விட்டால் புரோபுக்கு வயதாகிவிட்டது. வேலை முடிந்ததும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்தபடியே வையுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு வைத்து என் முதல் புரோபைக் கொன்றேன். சுத்தமான தண்ணீர்தானே என்று நினைத்தேன், அது புரோபுக்குள் இருக்கும் உப்பையெல்லாம் வெளியே இழுத்துவிட்டது.

தூசிமானி

காற்றுக்கு வருவோம். கார்முகில், பெட்டியை வெளியே மாட்டி ஈரப்பதமும் கூடவே பதிவு செய்தீர்களே, அதுவே பெரிய விஷயம். பலர் அதைச் செய்வதில்லை, பிறகு பழைய டேட்டாவைத் திருத்த வழியே இருக்காது.

பி.எம்.எஸ். 5003க்குள் ஒரு சின்ன ஃபேன் காற்றை இழுக்கிறது. லேசர் ஒளியின் குறுக்கே தூசி போகும்போது ஒளி சிதறுகிறது, அந்தச் சிதறலைப் பார்த்து, "இவ்வளவு தூசி இருக்க வேண்டும்" என்று கணிக்கிறது. எடை போடுவதே இல்லை. தூசிக்கு ஒரு அடர்த்தி, ஒரு நிறம் என்று தானாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. புகைத் துகள் ஒரு மாதிரி சிதறடிக்கும், மண் தூசி வேறு மாதிரி. ஈரப்பதம் 75, 80 சதவீதத்தைத் தாண்டும்போது உப்புத்தன்மை உள்ள துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். தூசி அதேதான், சென்சாருக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். மூடுபனித் துளிகளையே தூசியாக எண்ணுவதும் உண்டு.

இதற்கு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2021இல் ஒரு திருத்தச் சூத்திரம் வெளியிட்டது. இதே பி.எம்.எஸ். 5003 இரண்டைக் கொண்ட பர்ப்பிள்ஏர் பெட்டிகளைத் தரமான நிலையங்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எடுத்தது:

திருத்திய பி.எம். 2.5 = 0.524 × சென்சார் எண் − 0.0862 × ஈரப்பதம் + 5.75

உங்கள் 140ஐ 95 சதவீத ஈரப்பதத்தோடு போட்டால் 71 வருகிறது. இது அந்த நாட்டுக் காற்றுக்காக எடுத்த சூத்திரம், உங்கள் காற்றில் இருப்பது வேறு தூசியாக இருக்கலாம். எந்தப் பக்கம் எவ்வளவு தவறுகிறது என்று ஒரு பிடி கிடைப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். 71 என்றே வைத்தாலும், உலக சுகாதார நிறுவனம் 2021இல் 24 மணி நேர சராசரிக்குச் சொன்ன அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம்தான். ஒரு மணி நேரத்து 71ஐயும் ஒரு நாள் சராசரி 15ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது, ஆனால் மகளுக்கு இருமல் வரும் நேரம் என்றால் சும்மா விடவும் முடியாது.

ஒரு சந்தேகம். அந்த சென்சார் அனுப்பும் 32 பைட்டில் பி.எம். எண்கள் இரண்டு தொகுதியாக வரும். முதல் மூன்று ஒரு கணக்கு, அடுத்த மூன்று "வெளிக்காற்றுக்கு" என்று நிறுவனமே மாற்றிய கணக்கு. சுமார் 30 வரை இரண்டும் ஒன்றாக இருக்கும், அதற்கு மேல் பிரியும். மேலே சொன்ன சூத்திரம் முதல் தொகுதிக்கு மட்டும்தான் பொருந்தும். நீங்கள் எதை எடுக்கிறீர்கள்?

பி.எம். 10 எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். பெரிய தூசியை இந்த சென்சார் சரியாகப் பார்ப்பதே இல்லை. புழுதிக் காற்று அடிக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கும், இது அமைதியாக 40 காட்டும்.

எடைத்தாள்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பல ஆண்டுகள் காற்றுக் கண்காணிப்பு நிலையக் கருவிகளைப் பராமரித்தவன் நான். இதையெல்லாம் அளவீடு என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

அடிப்படை முறையில் ஒரு வடிதாளை எடை போடுவோம், அதன் வழியாக 24 மணி நேரம் அளந்த காற்றை இழுப்போம், மறுபடி எடை போடுவோம். தாள் ஈரம் குடித்துவிடும் என்பதற்காக வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில் அதை ஒரு நாள் காத்திருக்க வைப்போம். தொடர்ச்சியாக அளக்கும் பீட்டா கதிர்க் கருவியிலும் காற்று உள்ளே வரும் குழாயைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்துவிட்டுத்தான் அளக்கிறோம். இவ்வளவு செய்து வரும் எண்ணையும், ஜன்னலில் தொங்கும் பெட்டி சொல்வதையும் ஒரே வரைபடத்தில் ஒரே நிறத்தில் போடுகிறார்கள். ஒருமுறை ஒரு பெட்டி 400 காட்டி, அந்தப் பகுதி மக்கள் பயந்துபோனார்கள். நேரில் போய்ப் பார்த்தால் பெட்டி ஒரு சமையலறைப் புகைபோக்கிக்கு அரை மீட்டர் பக்கத்தில் இருந்தது. பயந்தவர்களில் வயதானவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் இருந்தார்கள். அந்த எண்ணை வெளியிட்டவர் அதற்குப் பொறுப்பேற்கவில்லை.

தூசிமானி

எடைத்தாள் ஐயா, நீங்கள் சொன்ன சம்பவத்தில் எனக்கும் உங்கள் கோபம்தான் வருகிறது. ஆனால் முடிவில் வேறுபடுகிறேன்.

ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு 2011இல் சேஃப்காஸ்ட் தன்னார்வலர்கள் கதிர்வீச்சுக் கருவிகளைக் காரில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அளந்தார்கள். தங்கள் தெருவில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மக்களுக்கு வேறு வழியில்லாத நேரம் அது. 2015இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் ஒரு சிறு குழு நோவா நிறுவனத்தின் எஸ்.டி.எஸ். 011 தூசி சென்சாரை இரண்டு வளைந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து ஆரம்பித்ததுதான் இன்று சென்சார்.கம்யூனிட்டி என்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் உங்கள் கருவிக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை. நிலையம் ஊருக்கு ஒன்றுதான் இருக்கும். கார்முகில் வீட்டு ஜன்னலில் காலை 6 மணிக்கு என்ன நடக்கிறது என்று அந்த நிலையத்துக்குத் தெரியாது.

எடைத்தாள்

அதை ஒத்துக்கொள்கிறேன். "எவ்வளவு" என்று கேட்காமல் "எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து" என்று கேட்டால் இந்தப் பெட்டி பதில் சொல்லும்.

கார்முகில், முடிந்தால் இரண்டு பெட்டி செய்து இரண்டையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒரு வாரம் வையுங்கள். அவை இரண்டுமே ஒத்துப்போகவில்லை என்றால் வேறு எதையும் பேச வேண்டாம். அப்புறம் ஒன்றை அருகிலுள்ள நிலையத்தின் வளாகத்தில் இரண்டு மூன்று வாரம் வைக்கக் கேட்டுப் பாருங்கள். எழுதிக் கேட்டால் பல இடங்களில் அனுமதிப்பார்கள், நான் அனுமதித்திருக்கிறேன். ஹெப்பா (நுண்தூசியையும் பிடிக்கும்) வடிகட்டி வழியாக வந்த காற்றை மட்டும் கொடுத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். டேட்டாவோடு பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, சுவர் எவ்வளவு தூரம், எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெட்டியோடு "புகைபோக்கி அரை மீட்டர்" என்று மூன்று சொல் எழுதியிருந்தால் யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

எஸ்.டி.எஸ். 011 வைத்திருப்பவர்களுக்கு: அதன் லேசரின் ஆயுள் 8000 மணி நேரம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். இடைவிடாமல் ஓட்டினால் ஒரு வருடம் கூட வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி, அரை நிமிடம் ஓடவிட்டு, படித்துவிட்டுத் தூங்க வையுங்கள்.

அலைவரிசை

எம்.கியூ. 135 பற்றி யாரும் சொல்லவில்லை. அது கார்பன் டை ஆக்சைடு சென்சார் இல்லை. அதற்குள் இருப்பது சூடான டின் ஆக்சைடு. அம்மோனியா, ஆல்கஹால், புகை எது வந்தாலும் அசையும், ஈரப்பதத்துக்கும் அசையும். இணையத்தில் இருக்கும் சூத்திரத்தைப் போட்டு பி.பி.எம். என்று எழுதுவது வெறும் கற்பனை. கழற்றிவிடுங்கள், அதன் சூடு உங்கள் பி.எம்.இ. 280ஐயும் ஏமாற்றிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் சூடு ஏறினால் ஈரப்பதம் குறைவாகத்தான் தெரியும். கார்பன் டை ஆக்சைடு வேண்டும் என்றால் எம்.எச். இசட். 19 அல்லது எஸ்.சி.டி. 41 பாருங்கள். அவை அகச்சிவப்பை அந்த வாயு உறிஞ்சுவதை நேரடியாகப் பயன்படுத்துகின்றன. தானியங்கித் திருத்தம் உள்ள சென்சாரை அவ்வப்போது வெளிக்காற்றுப் படும்படி வையுங்கள், இல்லையென்றால் மூடிய அறையின் காற்றையே சுத்தம் என்று கற்றுக்கொள்ளும்.

கார்முகில்

நாலு வாரம் கழித்து வருகிறேன். எல்லாரும் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முதலில் காற்று. தூசிமானி கேட்டது சரிதான், நான் கிராஃபில் போட்டது இரண்டாவது தொகுதி. அன்றைய கோப்பில் முதல் தொகுதியும் இருந்தது, அதில் அதே நிமிடத்தில் 205. சூத்திரத்தில் போட்டால் 71 வரவில்லை, 105 வருகிறது. எம்.கியூ. 135ஐக் கழற்றினேன், பி.எம்.இ. 280ஐப் பெட்டிக்கு வெளியே நிழலில் தொங்கவிட்டேன். ஹெப்பா சோதனையில் 0, 1 என்று வந்தது. இரண்டாவது பெட்டியும் முதலாவதோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

இப்போது கிராஃபைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு விஷயம் கலந்திருந்தது தெரிகிறது. 4 மணிக்கு மெதுவாக ஏறும் மேடு ஈரப்பதக் கோட்டின் நிழல் மாதிரியே போகிறது. காற்றடிக்கும் உலர்ந்த இரவுகளில் அது இல்லவே இல்லை. அதன் மேல் 5.40 மணிக்குச் செங்குத்தாக ஒரு ஊசி. அது ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருகிறது. ஒருநாள் 5.30க்கு எழுந்து வெளியே நின்றேன். பின்வீட்டில் ஒரு பெரியவர் தினமும் சருகோடு பிளாஸ்டிக் குப்பையையும் சேர்த்து எரிக்கிறார். புகை எங்கள் சுவரோரமாக ஊர்ந்து நேராக மகள் படுத்திருக்கும் ஜன்னலுக்கு வருகிறது.

கிராஃபை அச்செடுத்து அவரிடம் கொண்டுபோனேன். சண்டைக்குப் போகவில்லை, மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ரொம்ப நேரம் அந்த ஊசிகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஞாயிற்றுக்கிழமை ஏன் இல்லை?" என்று கேட்டார், பிறகு அவரே, "அன்றைக்குத்தான் நான் மகன் வீட்டுக்குப் போய்விடுவேன்" என்றார். பன்னிரண்டு நாளாக ஊசி இல்லை. மகளின் இருமல் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. மருத்துவரிடமும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

தண்ணீர்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நீரோட்டம் அக்கா கேட்ட மழை நாள் கிராஃபை எடுத்தேன், வெப்பத் திருத்தம் போட்டு. மழை பெய்த இரண்டு மணி நேரத்தில் டி.டி.எஸ். 210லிருந்து 160க்கு இறங்கியிருக்கிறது, மூன்று நாளில் மெதுவாகத் திரும்ப ஏறியிருக்கிறது. மூன்று மழைக்கும் இதே கதை. "மழை வந்தால் தண்ணீர் இன்னும் நல்லதாகிறது" என்று வீட்டில் சந்தோஷப்பட்டோம். ஆனால் மழைக்கு மறுநாள் எடுத்த தண்ணீரின் பரிசோதனை முடிவில் ஈ. கோலை (மலக் கழிவில் இருக்கும் பாக்டீரியா) இருக்கிறது என்று வந்திருக்கிறது. நைட்ரேட் 38. ஆர்செனிக், ஃபுளோரைடு இரண்டும் அளவுக்குள்.

நீரோட்டம்

அந்த 160தான் உங்கள் கிணறு சொன்ன செய்தி, தம்பி. ஆழத்து நீர் மண்ணில் மெதுவாக வடிந்து வரும்போது உப்புகளைக் கரைத்துக்கொண்டு வரும், மழைநீரில் உப்பு கிடையாது. இரண்டே மணி நேரத்தில் டி.டி.எஸ். இறங்குகிறது என்றால் மேலே ஓடும் தண்ணீர் வடியாமல் நேராக உள்ளே விழுகிறது. தரையில் இருக்கும் அழுக்கெல்லாம் கூடவே வரும். எண் குறைந்த நாள்தான் ஆபத்தான நாள்.

கிணற்றுச் சுவரின் மேல் இரண்டு மூன்று மீட்டரைப் பாருங்கள், வெடிப்பு இருக்கும், அல்லது சுற்றியுள்ள தளம் கிணற்றுப் பக்கம் சரிந்திருக்கும். நைட்ரேட் 38 அளவுக்குள் இருந்தாலும் எனக்கு நிம்மதி தரவில்லை. கழிவுக்குழி எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லுங்கள். சரிசெய்யும்வரை தளதளவென்று கொதி வந்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும், மகளுக்குப் பல் துலக்கவும் அதே தண்ணீர். அடைத்து முடித்ததும் குளோரின் போடுங்கள், அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதம் இருக்க வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் சரியாக வேலை செய்யாது, முதலில் தெளியட்டும். குளோரின் வாசனை முழுதும் போனபிறகு மறுபடி சாம்பிள் எடுங்கள், மழைக்கு மறுநாளாகப் பார்த்து.

கார்முகில்

கழிவுக்குழி 9 மீட்டர்.

சுவரை இன்று கயிறு கட்டி இறங்கிப் பார்த்தோம். ஒன்றரை மீட்டர் ஆழத்தில், வடக்குப் பக்கம், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அதன் கீழே சுவரில் கறுப்பாக நீர் வழிந்த தடம் நேர்கோடாக இறங்குகிறது. நாளை காலை கொத்தனார் வருகிறார். டி.டி.எஸ். புரோபை அப்படியே விட்டிருக்கிறேன், அடுத்த மழையில் கோடு இறங்குகிறதா என்று பார்த்து இங்கே போடுகிறேன்.

நீரோட்டம்

9 மீட்டர் ரொம்பப் பக்கம். பிளவை அடைத்தால் மழைநீர் உள்ளே விழுவது நிற்கும், குழியிலிருந்து மண் வழியாக ஊறி வருவது நிற்காது. அதனால் அடுத்த மழையில் கோடு இறங்கவில்லை என்று காய்ச்சுவதை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஊற்றில் உப்பு உண்டு, புரோப் அதைப் பார்த்து 210 என்றே சொல்லும்.